மிஸ்ஸியிடம் கேளுங்கள்: உடம்புக் கட்டோடு ஒரு கச்சான் காலம்

என் மகளின் மகன் முள்ளந்தண்டு வளைவுக்காக உடம்பெல்லாம் பிளாஸ்டர் கட்டோடு ஓடித் திரிந்த கதையைச் சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த தபாலில் பாதி அதைப் பற்றியே. பிள்ளைகள் வார்டில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்த காலத்தில் பார்த்ததையும், வீட்டில் அம்மம்மாவாகப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம். முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று கொழும்பில் முதல் கட்டைப் போட்டு அனுப்பினார்கள். தோளிலிருந்து இடுப்பு வரை பிளாஸ்டர். நனைக்கக் கூடாது என்றார்கள். மற்றதை எல்லாம் அவசரத்தில் சொன்னதால் மனதில் நிற்கவில்லை. இந்தக் கச்சான் காற்று வெக்கையில் பிள்ளை வியர்த்து வழிகிறாள். எப்படிக் கழுவுவது, என்ன கொடுப்பது, நடக்க விடலாமா? தொட்டிலை விட்டு இறக்கவே கூடாது என்கிறார் மாமியார்.
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: மகள், மாமியாரோடு சண்டை வேண்டாம். ஆனால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து இறக்கி விடுங்கள். கை முறிந்தால் எலும்பு ஒட்டும் வரை அசைக்கக் கூடாது என்பதை வைத்து அவர் பேசுகிறார். உங்கள் பிள்ளைக்கு எதுவும் முறியவில்லை. வளைந்த தண்டை இழுத்து, திருகலைத் திருப்பி, நேராக வரவேண்டிய பக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிமிர்த்தும் வேலையைப் பிள்ளையின் வளர்ச்சியே செய்கிறது. பிறந்து முதல் இரண்டு வருடத்தில் உள்ள வளர்ச்சி வேகம் பிறகு ஒருநாளும் திரும்பி வராது. அந்த வேகத்தைத்தான் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அவள் நடக்கட்டும், ஏறட்டும், ஆடட்டும். முதல் சில நாட்கள் மேலுடம்பு கனப்பதால் தள்ளாடுவாள். விழுந்தால் நெஞ்சையும் முதுகையும் கட்டு காக்கும். தலையை யார் காப்பது? வாசற்படி, சீமெந்துத் திண்ணை, மேசை முனை, இவற்றின் பக்கம் மட்டும் கண் இருக்கட்டும். தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கை குண்டிக்குக் கீழே, மறு கை முதுகில் இருக்க வேண்டும். உங்கள் முதுகும் உங்களுக்கு வேண்டியது. குந்தி இருந்து தூக்குங்கள்.

தண்ணீர் விடயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மேலே பைபர் கிளாஸ் சுற்றியிருந்தால், 'இது தண்ணீருக்கு அசையாது' என்று யாராவது சொல்வார்கள். வெளி ஓடு அசையாதுதான். உள்ளே இருப்பது பஞ்சு. அது நனைந்தால் நாள்கணக்கில் காயாது. தோல் ஊறிய அவல் போல வெளுத்துக் கையோடு உரிந்து வரும். வாளித் தண்ணீர், கடல், வாவி, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், எதுவும் இப்போதைக்கு இல்லை.

கழுவுவதற்குப் பின்னேரம் நல்லது, வெயில் தாழ்ந்த பிறகு. பாயை விரித்து, இரண்டு துவாய், ஒரு பேசின் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். துணியை நனைத்து, சொட்டுக்கூட விழாதபடி முறுக்கிப் பிழிந்து, முகம், கழுத்து மடிப்பு, கை, கால், தொடை இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். அக்குளில் கட்டின் விளிம்பு உராயும் இடத்தை இரண்டு தரம் பாருங்கள். தலை கழுவ இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிள்ளையை வாங்கில் மல்லாக்கக் கிடத்தி, தலை விளிம்புக்கு வெளியே வரும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். கழுத்தைச் சுற்றி உலர்ந்த துவாய். மற்றவர் நெற்றியிலிருந்து பின்பக்கமாகக் கோப்பையால் ஊற்றலாம். பேபி பவுடர் போடவே போடாதீர்கள். வியர்வையோடு கட்டியாகி உள்ளே போய் உட்கார்ந்து புண்ணாக்கும். எண்ணெயும் ஓடிக்கொலோனும் அப்படியே.

வெக்கைக்கு வழி காற்றுத்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நேரே ஒரு பெரிய ஓட்டை வெட்டியிருப்பார்கள், பிள்ளை மூச்செடுக்கவும் வயிறு விரியவும். முதுகில் குழிந்த பக்கத்தில் இன்னொன்று இருக்கும். அமுங்கிய விலா எலும்பு அந்த வழியாகப் பின்னுக்கு வர இடம். இந்த இரண்டையும் தலையணையாலோ தடித்த சட்டையாலோ அடைக்காதீர்கள். மதியம் வீட்டுக்குள் நிலத்தில் பாய் போட்டு, மின்விசிறிக் காற்று பக்கவாட்டில் படும்படி கிடத்துங்கள். கட்டுக்குள் ஒரு மெல்லிய பெனியன் இருக்கும். அதை இழுத்து எடுக்கக் கூடாது. வெளியே ஒரு சுற்றுப் பெரிதான, முன்பக்கம் திறக்கும் பருத்திச் சட்டை போதும்.

கடிக்கிறது என்று அழுவாள். ஈர்க்கு, கரண்டிக் காம்பு, பின்னல் ஊசி, எதையும் உள்ளே விடாதீர்கள். கீறிய தோல் கட்டுக்குள் சீழ் பிடித்தால் வெளியே தெரியாது. கட்டை மேலால் தட்டுங்கள். முடி உலர்த்தும் கருவி இருந்தால் குளிர்காற்றில் மட்டும் வைத்து விளிம்பால் ஊதுங்கள். சூட்டில் வைத்தால் வெந்துவிடும்.

பம்பஸ் மாற்றுவதில்தான் முதல் கிழமை எல்லோரும் தோற்றுப் போவார்கள். சின்ன அளவில் ஒன்றை எடுத்து, அதன் மேல் விளிம்பைக் கட்டின் அடிக்குள் சுற்றிவரச் செருகுங்கள். அதன் மேல் பெரிய அளவில் ஒன்றைக் கட்டுக்கு வெளியே வரும்படி கட்டுங்கள். உள்ளே உள்ளது உறிஞ்சும், வெளியே உள்ளது பிடிக்கும். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பாருங்கள்; இரவிலும் ஒருதரம் எழும்பத்தான் வேண்டும். சிறுநீர் மேலே ஏறினால் வெறும் தண்ணீரை விடக் கெடுதல். கட்டின் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால், பருத்தி ஒட்டுநாடாவைச் சிறு துண்டுகளாக வெட்டி, பாதி வெளியே பாதி உள்ளே வரும்படி இதழ் இதழாக ஒட்டி மூடுங்கள். அழுக்கானால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம்.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. வயிறு முட்டக் கொடுத்தால் விரிய இடமில்லாமல் மூச்சு வாங்குவாள், சத்தி எடுப்பாள். இடியப்பமும் சொதியும், குழைத்த சோறும் மீனும், தயிர், திரிபோஷா, எல்லாம் வழக்கம் போல, அளவுதான் பாதி. மலம் இறுகினால் கட்டுக்குள் பெரிய வேதனை. பப்பாசி, வாழைப்பழம், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். தின்னும்போது கழுத்தைச் சுற்றி ஒரு துணி கட்டாயம்.

அந்தத் துணி ஏன் என்று எங்கள் வீட்டுச் சின்னவனைக் கேட்டால் தெரியும். முன் ஓட்டையைச் சட்டைப்பை என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் நடுச்சாமத்தில் வீரிட்டு அழுதான். டோர்ச் அடித்துப் பார்த்தால் கட்டில் கால் வழியாக எறும்பு வரிசை ஏறி, பாயைக் கடந்து, நேரே அவனுடைய நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பகலில் பதுக்கி வைத்த அவித்த கடலையும் மாரி பிஸ்கட் துண்டும். குப்புறக் கிடத்தி முதுகைத் தட்டி, ஒவ்வொன்றாக விழுத்தி, மிச்சத்தைக் குளிர்காற்றால் ஊதி எடுத்தோம். அடுத்த நாளே கட்டில் கால்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் வைத்தோம். அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், டெங்கு நுளம்பையும் வளர்க்க வேண்டாம்.

காலையில் எழுந்ததும் டோர்ச்சால் விளிம்பெல்லாம் பாருங்கள், பிறகு மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வியர்வை நாற்றம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு; பழகிவிடும். அழுகல் நாற்றம் வேறு, அது வந்தவுடன் தெரியும். அது வந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல், திரும்பத் திரும்பச் சத்தி, மூச்சுத் திணறல், விரல் நீலமாதல், கால் வழமை போல் அசையாமை, கட்டு வெடித்தல், உள்ளே நனைந்துவிடுதல், இவற்றில் ஒன்று வந்தாலோ, 'அடுத்த கிளினிக் வரை பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். கொழும்பு தூரம், மட்டக்களப்போ கல்முனையோ கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கிருந்து அவர்கள் பேசுவார்கள்.

சந்தையில் 'ஐயோ, என்ன பாவம் செய்த பிள்ளையோ' என்று ஒருத்தி சொல்வாள். நான் சொல்லும் பதிலைப் பத்திராதிபர் அச்சிட மாட்டார். நீங்கள் 'முதுகு நிமிர்கிறது' என்று சொல்லிவிட்டு மீன் விலையைக் கேளுங்கள்.

கேள்வி: தங்கச்சி, என் பேரனுக்கும் இதே வருத்தம் என்கிறார்கள். மருமகள் எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துத் தூக்கியதால் வந்தது என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் கைராசியான பரிசாரியார் இருக்கிறார். எண்ணெய் போட்டு உருவினால் எலும்பு இடத்துக்கு வந்துவிடும் என்கிறார். நாவூறும் இருக்குமோ என்று பயம். இந்தச் சின்ன உடம்புக்கு இவ்வளவு பெரிய கட்டு எதற்கு?
— ஒரு அப்பம்மா, காரைதீவு

பதில்: அக்கா, மருமகளை முதலில் விட்டுவிடுங்கள். இடுப்பில் தூக்கியதால் முள்ளந்தண்டு வளைவதென்றால் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நிமிர்ந்த முதுகே இருக்காது. மூன்று வயதுக்குள் வரும் இந்த வளைவில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது என்றுதான் புத்தகமே சொல்கிறது. சில பிள்ளைகளுக்கு முதுகெலும்பின் அமைப்பிலோ, அதற்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணிலோ பிழை இருக்கும். அதைப் பார்க்கத்தான் சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். யாரும் செய்ததால் வந்ததில்லை.

கட்டு ஏன் என்று கேட்டீர்கள். இந்த முறையின் அடித்தளத்தை 1960களில் பிரான்ஸில் கொட்ரெல், மோரெல் என்ற இருவர் போட்டார்கள்: இழுத்தல், திருகலை எடுத்தல், வளைத்தல். அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தவர் இங்கிலாந்தில் ஸ்டான்மோர் எலும்பு ஆஸ்பத்திரியில் இருந்த மின் மேத்தா என்ற பெண் சத்திரசிகிச்சை நிபுணர். தான் கட்டுப் போட்ட 136 பிள்ளைகளின் கணக்கை 2005இல் வெளியிட்டார். சராசரி ஒரு வயதும் ஏழு மாதமுமாக இருந்தபோது வந்து சேர்ந்த 94 பேருக்கு, மூன்றரை வயதளவில் வளைவே இல்லாமல் போய்விட்டது. சராசரி இரண்டரை வயதில், வளைவு கூடிய பிறகு வந்த 42 பேருக்குக் குறைக்கத்தான் முடிந்தது, முற்றாக எடுக்க முடியவில்லை. அவர்களில் 15 பேருக்குப் பிறகு முதுகெலும்பை இணைக்கும் சத்திரசிகிச்சையும் தேவைப்பட்டது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் வயது வித்தியாசம் ஒரு வருடம்கூட இல்லை, அக்கா. பரிசாரியாரிடம் ஆறு மாதம் உருவிப் பார்த்துவிட்டுப் போவோம் என்பதில் எனக்குள்ள கோபம் அந்த ஆறு மாதத்தின் மேல்தான். கை முறிவுக்கு அவர்களிடம் போய் நன்மை பெற்றவர்கள் உண்டு, மறுக்கவில்லை. இங்கே உருவுவதற்கு இடம் இல்லை, காலமும் இல்லை.

நாவூறுக்குத் தேசிக்காய் வெட்டுங்கள், மிளகாய் சுற்றிப் போடுங்கள், கண்ணகை அம்மன் கோயிலில் நேர்த்தி வையுங்கள். உங்கள் மனதுக்கு ஆறுதல், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஓதின தண்ணீரைக் கட்டின் மேல் தெளிக்க வேண்டாம். நூல் கட்டுவதென்றால் காலில் கட்டுங்கள். விபூதி நெற்றியோடு நிற்கட்டும்.

கேள்வி: மகனுக்கு இரண்டே கால் வயது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டை மாற்ற வரச் சொல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து. அது மூளையைப் பாதிக்கும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து அவனுடைய உம்மா அழுதுகொண்டே இருக்கிறார். நான் தினக்கூலி. மோட்டார் சைக்கிளில் பஸ் நிலையம் வரை கூட்டிப் போகலாமா?
— ஒரு வாப்பா, அக்கரைப்பற்று

பதில்: தம்பி, சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. 2016இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல், அல்லது பல தடவை மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று. தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள் என்று அது சொல்லவில்லை. கட்டு மாற்ற அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை. மறுபக்கத்தில், வளைவு கூடினால் விலாக்கூடு ஒடுங்கும்; நுரையீரல் வளர்கிற வயதும் இதுதான். மயக்க மருந்து வைத்தியரிடம் நேரே கேளுங்கள், எவ்வளவு நேரம், குறைக்க வழி உண்டா என்று. கேட்டால் கோபிப்பார்கள் என்று நினைத்து வாசலில் நின்று திரும்பும் தகப்பன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அவனுடைய உம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். பதிலை அவர் காதால் கேட்டால்தான் அழுகை குறையும்.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். சாப்பாடும் பால்மாவும் பொதுவாக ஆறு மணித்தியாலம், தாய்ப்பால் நான்கு, வெறும் தண்ணீர் இரண்டு. வார்டில் சொல்லும் நேரமே கடைசி. பிள்ளை அழுகிறதே என்று மூத்தம்மா ஒளித்துக் கொடுக்கும் ஒரு பிஸ்கட், மயக்கத்தில் சத்தியாகி நுரையீரலுக்குள் போகும். மூக்கு வடிந்தாலோ இருமினாலோ காய்ச்சல் இருந்தாலோ, பயணம் புறப்படுமுன் தொலைபேசியில் சொல்லுங்கள். அங்கே போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு நாள் கூலியும் பயணக் காசும் வீண்.

பழைய கட்டை முதல் நாளே வெட்டி எடுத்து, புதியது போடுமுன் பிள்ளையைக் குளிப்பாட்ட விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் விடுவார்கள். வெட்டும் சின்ன வாள் பெரிய சத்தம் போடும். அது சுழல்வதில்லை, அதிர்கிறது, அதனால் கட்டைத்தான் வெட்டும். காதைப் பொத்திக்கொள்ளுங்கள், உங்கள் காதை அல்ல, அவன் காதை. குளிப்பாட்டும்போது உரிந்து வரும் பொருக்கைத் தேய்த்து எடுக்காதீர்கள். ஊறி வந்தது போதும். கட்டில்லாமல் நடந்தால் தள்ளாடுவான், பயப்பட வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் வேண்டாம். எண்ணெய்த் தாங்கியின் மேல் இருத்தினால் கட்டின் அடி விளிம்பு தொடையை வெட்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் அவனால் குனிந்து பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஆட்டோ பிடியுங்கள். கொழும்புக்கு, மட்டக்களப்பு வந்து ரயிலில் போக முடிந்தால் அது பஸ்ஸை விட நல்லது. பிள்ளை எழுந்து நடக்கலாம், பம்பஸ் மாற்றலாம். யானை தண்டவாளத்தில் நின்று தாமதமானால் அதையும் அவனுக்குக் காட்டலாம்.

கேள்வி: எனக்கு எட்டு மாதக் குழந்தை. இந்த வளைவு இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?
— செங்கலடி வாசகி

பதில்: சட்டையைக் கழற்றி, மடியில் குப்புறக் கிடத்திப் பாருங்கள். முதுகின் ஒரு பக்க விலா மற்றதை விட மேடாகத் தெரிகிறதா, ஒரு பக்க இடுப்பில் மட்டும் மடிப்பு ஆழமா, தோள் சரிந்திருக்கிறதா, தூக்கிப் பிடித்தால் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறானா? சந்தேகம் வந்தால் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்; அவர் வைத்தியரிடம் அனுப்புவார். எக்ஸ்ரேயில் 10 பாகைக்கு மேல் இருந்தால்தான் வளைவு என்றே சொல்வார்கள். இந்த வயதில் வரும் வளைவுகளில் பல தானாகவே மறையும். எது மறையும், எது கூடும் என்று பிரித்தறிய, விலா எலும்பு முள்ளெலும்போடு சேரும் கோணத்தை இரண்டு பக்கமும் அளந்து வித்தியாசம் பார்க்கும் முறையை 1972இல் சொன்னவரும் அதே மேத்தாதான். வித்தியாசம் 20 பாகைக்குக் குறைவென்றால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்துக்கொண்டிருப்பது என்றால் சொன்ன திகதிக்கு மறுபடி போவது. கார்டை அலுமாரியில் வைத்து மறப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது.

கேள்வி: உடம்புக் கட்டோடு உள்ள மூன்று வயதுப் பையனை எங்கள் பாலர் பாடசாலையில் சேர்க்கக் கேட்கிறார்கள். மற்றப் பெற்றோர் தயங்குகிறார்கள். பொறுப்பெடுக்கலாமா?
— ஆசிரியை, வாழைச்சேனை

பதில்: எடுங்கள், டீச்சர். தொற்று வருத்தம் இல்லை என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள், 'டொக் டொக்' என்று கேட்கும், பிறகு விட்டுவிடுவார்கள். சப்பாணி கட்டி இருக்கச் சிரமப்படுவான். கால் நிலத்தில் படும் உயரத்தில் ஒரு கதிரை கொடுங்கள். கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து எடுக்க முடியாமல் முழங்காலில் நின்று எடுப்பான், அவசரப்படுத்தாதீர்கள். ஊஞ்சலும் சறுக்கலும் அவனுடைய வைத்தியர் சம்மதித்தால் ஆடட்டும். மணல் தொட்டிக்கு மட்டும் சட்டையை உள்ளே செருகி, கழுத்தில் துணி கட்டி விடுங்கள். மழைக்காலத்தில் பாடசாலை விட்டதும் அவனை முற்றத்தில் காக்க வைக்காமல் உள்ளே வைத்திருங்கள். கூட்டிப் போக வருபவர் குடையோடு வாசல் வரை வரட்டும்.